சித்தப்பா போகாத மலை

முதுகில் அரை மூட்டை நெல், காலில் கும்பகோணத்தில் வாங்கிய கேன்வாஸ் ஷூ, மடித்துக் கட்டிய வேட்டி. குடமுருட்டிக் கரையில் இந்தக் கோலத்தில் ஏறி இறங்கிய சித்தப்பாதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறார். வலங்கைமான் பக்கத்தில் ஆற்றங்கரையை விட்டால் மேடு என்று சொல்ல வேறெதுவும் கிடையாது. அங்கே பழகிக்கொண்டு, பெரியகுளத்திலிருந்து கொடைக்கானலுக்கு நடந்தே ஏறப்போவதாகச் சொன்னார். பள்ளியில் என்.சி.சி.யில் இருந்தபோது அந்தப் பாதையில் பாதி தூரம் ஏறி, மழை பிடித்துக்கொண்டதால் திரும்பியவர். மீதிப் பாதையைச் சித்தியோடும் என்னோடும் ஏறிவிட வேண்டும் என்பது அவருடைய தீராத ஆசை.

ஏற்பாடுகளுக்குக் குறைவில்லை. உரச் சாக்குகளைப் பிரித்துச் சித்தி கூடாரம் தைத்தார். “ஊரே தட்டையா கெடக்கு, இவருக்கு மட்டும் எங்கேருந்துதான் மலை வந்துச்சோ” என்று முணுமுணுத்துக்கொண்டேதான் தைத்தார். அட்டைக் கடிக்குப் புகையிலையும் சுண்ணாம்பும் தனி டப்பாவில் இருந்தன. “வயல் அட்டை நமக்குப் பழக்கம். மலை அட்டை எப்படியோ, தெரியலியே” என்று சித்தப்பா உண்மையாகவே கவலைப்பட்டார்.

ஆனால் அவர் உழுதது மிராசுதாரிடம் எடுத்த குத்தகை நிலம். உழுதவனுக்கே நிலம் என்று அப்போது மேடைக்கு மேடை பேசினார்கள். சட்டமும் குத்தகைக்காரர் பக்கம்தான் என்றார்கள். சட்டம் சென்னையில் இருந்தது, மிராசுதாரின் டிராக்டர் அடுத்த தெருவில் இருந்தது. பக்கத்து வயல்காரர் குடும்பத்தோடு திருப்பதிக்குப் போய் மொட்டையடித்துத் திரும்புவதற்குள், மிராசுதாரின் ஆட்கள் அவர் நிலத்தை உழுது, ‘சாகுபடியில் ஆளில்லை’ என்று சாட்சியும் சேர்த்துவிட்டார்கள். மலைக்குப் போகத் தோதான சித்திரையில்தான் வயல் காய்ந்து சும்மா கிடக்கும். டிராக்டர் இறங்கவும் அதுதான் தோது.

அதனால் ஒவ்வொரு சித்திரையிலும் மூட்டை கட்டுவோம், ஒவ்வொரு சித்திரையிலும் பிரிப்போம். “இந்த வருசம் கேஸ் முடிஞ்சிரும். அடுத்த வருசம் கண்டிப்பா போறோம்” என்பார். நிலத்தை விடச் சொல்லி மிராசுதார் போட்ட வழக்கு கீழ்க்கோர்ட்டு, மேல்கோர்ட்டு என்று நகர்ந்தது. சித்தப்பா எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்குக்கூடத் தாலி கட்டும் நேரத்துக்கு வந்து, சாப்பிடாமல் கடைசி பஸ்ஸுக்கு முன்பே ஓடுவார். நாங்கள் கேலி செய்வோம். இன்று என் அலுவலகப் பிள்ளைகள் வெள்ளிக்கிழமை மாலை பையைத் தூக்கிக்கொண்டு ஏதோ ஒரு மலைக்குக் கிளம்பும்போது எனக்குப் பொறாமையாக இருக்கிறது. போய்விட்டு வந்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருக்கும் என்ற அவர்களுடைய நம்பிக்கையைப் பார்த்துத்தான் அந்தப் பொறாமை.

தீர்ப்பு மிராசுதார் பக்கம் போனது. நிலத்தை ஒப்படைக்கச் சொல்லிக் கோர்ட்டு அமீனா போலீஸோடு வந்த காலையில் நான் ஊரில் இருந்தேன். சித்தப்பா சண்டை போடவில்லை, வரப்பில்தான் நின்றார். அவர் கண் முன்னாலேயே டிராக்டர் இறங்கியது. முதல் சால் முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தவர், அமீனாவிடம் போய், ஏதோ தவறு நடந்துவிட்டதைப் போல மெதுவாகச் சொன்னார்:

“நான் எங்கயும் போகலீங்களே. இங்கயேதானே இருந்தேன்.”