பிரிக்காத பிரேக் ஆயில்

எங்கள் சாப்பாட்டு மேஜையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில், ஒரு பிரேக் ஆயில் பாட்டில் நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்ப்பார்கள், பிறகு என்னைப் பார்ப்பார்கள். ஏன் இங்கே வைத்திருக்கிறாய் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. என் முகம் அப்படி இருக்கிறது போலிருக்கிறது. கேட்டால் சொல்வேன்: என் மாமனாருக்காக வைத்திருக்கிறேன்.

நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். விஜயநகரில் வீடு கட்டி, வாசலில் ஒரு பழைய காரை நிறுத்தி, அதன்மேல் வேறு யாரையும் கை வைக்க விடாதவர். மெக்கானிக் என்றாலே திருடன் என்பது அவர் முடிவு. எல்லாவற்றையும் தானே பிரிப்பார், தானே மாட்டுவார். சரியாக வந்தால் அவர் கைவேலை. வராவிட்டால் பக்கத்தில் நின்றவரின் தப்பு. குழாய் ஒழுகினால்கூட முந்தின நாள் யார் மூடினார்கள் என்றுதான் முதலில் விசாரிப்பார். காலண்டரைப் பார்க்காமல் ஒரு ஸ்குரூவைக்கூடத் திருகமாட்டார். ராகு காலத்தில் எதையும் தொடங்கக் கூடாது, அதற்கு முன்பே தொடங்கிவிட்டால் நடுவில் வந்தாலும் பாதகமில்லை என்பது அவருடைய சட்டம்.

ஆறு வருஷத்துக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. மதியம் மூன்று மணிக்கு, அம்மா நோயில் படுத்திருந்த ராமாபுரத்திலிருந்து என் தம்பி போன் செய்தான். "அக்கா, அம்மா உன்னையேதான் கேட்டுட்டு இருக்குது. வெரசா வந்துரு." மூன்று மணி நேரப் பயணம். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கணவர் காரில் உட்கார்ந்து மிதித்தார். கிளட்ச் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது, மேலே வரவே இல்லை. எதிர்வீட்டு வாத்தியார் சத்தம் கேட்டு வந்து, "நம் காரு தகொண்டு ஹோகி" என்று கன்னடத்தில், தன் காரை எடுத்துப் போகச் சொல்லிச் சாவியை நீட்டினார். என் கை அந்தச் சாவியை நோக்கிப் போனது. மாமனார் குறுக்கே வந்தார். "அடுத்தவங்க வண்டி நமக்கெதுக்குங்க? கிளட்ச்ல காத்து பூந்திருக்குது, அவ்வளவுதான். அரை மணியில எடுத்துருவேன்." டாக்ஸி கூப்பிடலாமா என்று கேட்டார் கணவர். "வீட்டுல வண்டிய வெச்சுக்கிட்டா?" என்றார் அவர். பேச்சு முடிந்தது. கல்யாணமாகி அப்போது இரண்டு வருஷம். அவர் முன்னால் வாய் திறக்க எனக்கு இன்னும் தெரிந்திருக்கவில்லை. அந்தச் சாவியைப் பிடுங்காத என் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

கிளட்சுக்கும் அதுதான் என்று பிரேக் ஆயில் வாங்க ஸ்கூட்டரில் போன மாமனார், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் கடையைத் தேடி அலைந்து, நாலே காலுக்கு மேல்தான் திரும்பினார். நாலரைக்கு ராகு காலம். பாட்டிலைத் திண்டின்மேல் வைத்துவிட்டு, "ஏறு, ஏறு, நேரமில்ல" என்று என்னை டிரைவர் சீட்டில் உட்காரவைத்தார். வேலை இதுதான்: நான் பெடலை மிதித்துப் பிடித்திருக்க வேண்டும், அவர் வண்டிக்கு அடியில் படுத்து ஒரு சின்ன நிப்பிளைத் திறப்பார், காற்றுக் குமிழோடு எண்ணெய் வெளியே வரும், அவர் மூடிய பிறகுதான் நான் காலை எடுக்கலாம். முன்னதாக எடுத்தால் காற்று மறுபடி உள்ளே போய்விடும். என் கணவர் டார்ச் பிடித்தார். மிதி, பிடி, விடு. மிதி, பிடி, விடு. குமிழ் நிற்கவில்லை. ஐந்து மணி, ஐந்தரை. என் கெண்டைக்கால் நடுங்கியது. ஆனால் காலை எடுக்கவில்லை. பெற்ற தாய் காத்திருக்கும்போது எந்த மகள் காலை எடுப்பாள்? அடியிலிருந்து குரல் வந்துகொண்டே இருந்தது. "எடுக்காதேன்னா கேக்குதா இவளுக்கு? முன்னாலயே எடுக்கறே நீயி."

குமிழ் நிற்காமலே, ஆறரைக்கு அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அதன் பிறகுதான் என் கணவருக்கு டாக்ஸி கூப்பிடத் துணிச்சல் வந்தது. டாக்ஸிக்காக வாசலில் நின்றிருந்தபோது தம்பியின் போன் வந்தது. ஏழு மணிக்கு அம்மா போய்விட்டாள். கடைசிவரை, "அக்கா வண்டி வந்துருச்சா பாரு" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

மறுநாள் மாமனார் இழவுக்கு வந்தார். எதில் தெரியுமா? எதிர்வீட்டு வாத்தியாரின் காரில். பந்தலில் உட்கார்ந்து, என் சொந்தக்காரர்கள் காதுபட, "வண்டி நேத்தே ரெடியாயிருக்குமுங்க. எம் மருமவ அவசரத்துல காலை எடுத்துட்டா, காத்து ஏறிருச்சு" என்றார். என் சித்தி என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆறு வருஷமாக இதையே சொன்னார், விருந்தாளிகளிடம்கூட. கேட்டுக் கேட்டு நானும் நம்பினேன். தூக்கத்தில் கால் உதறி விழித்தால், அன்றைக்கு எடுத்துத்தான் இருப்பேனோ என்று என்னையே வைதுகொள்வேன்.

போன மாதம் அதே பெடல் மறுபடி தரையில் படுத்தது. செல்போனில் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். அதில் ஒரு பெண் முதலிலேயே சொன்னாள்: எண்ணெய் ஊற்றும் டப்பாவை நிரப்பிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். டப்பா காலியானால் மேலேயிருந்து காற்று இறங்கும், எத்தனை மிதித்தாலும் குமிழ் நிற்காது. அலமாரியில் அந்தப் பழைய பாட்டில் தூசி படிந்து கிடந்தது. மூடியைத் திருகினேன். உள்ளே வெள்ளித்தகடு அப்படியே ஒட்டியிருந்தது. ஒரு கீறல் இல்லை. அன்றைக்கு ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை அந்த மனுஷன்! நாலரைக்கு முன்னால் தொடங்கும் அவசரத்தில் மறந்திருக்கிறார். பிறகு வேறு வழியில்லாமல் அவரே கூப்பிட்ட மெக்கானிக் தன் கையிலிருந்ததை ஊற்றிச் சரிசெய்தபோதாவது தெரிந்திருக்கும். தெரிந்துதான் ஆறு வருஷம் என் காலைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதுப் பாட்டில் வாங்கி, டப்பாவை நிரப்பி, கணவரை மிதிக்கச் சொல்லி நானே காற்றை எடுத்தேன். இருபது நிமிஷம்தான் ஆனது. அன்று மதியச் சாப்பாட்டின்போது பழைய பாட்டிலை மாமனாரின் தட்டுக்கு எதிரே வைத்தேன். "தெறந்து பாருங்க மாமா." திறந்தார். தகட்டை விரலால் தடவினார். "நாலரை ஆகப்போவுதேன்னு..." என்று இழுத்தார். என் கணவர் தலை குனிந்துகொண்டார். மன்னிப்பாக ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். அவர் மூடியைத் திருகிப் பாட்டிலைத் தள்ளிவைத்தார். "இருந்தாலும் நீ காலை எடுத்தே அம்மிணி" என்று சொல்லிவிட்டு ரசத்தைக் கேட்டார்.

ரசம் ஊற்றினேன். பாட்டிலை எடுக்கவில்லை. ஒவ்வொரு வேளையும் அவர் அதை ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் நகர்த்துகிறார். அடுத்த வேளை நான் மறுபடி முன்னால் வைக்கிறேன். "பழைய கதை, விட்ரு" என்கிறார் கணவர். எப்படி விடுவது? இன்று காலையும் முன்னால் வைத்துவிட்டுத்தான் இட்லி பரிமாறினேன். என் அம்மா நாலு மணி நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். இவர் சாப்பிட்டு முடிக்கும்வரை இதைப் பார்க்கட்டும்.