ஹானுஸுக்குப் பதிலாகப் போனவன்

வடகடல் தீவொன்றில், வாகூர் துறையில் உப்பு மீன் கழுவும் பெண்களில் மார்யுன் மட்டும் பாடமாட்டாள். அவள் கணவன் டான்யல் வேலை பார்த்த ‘அன்னா சோஃபியா’ என்ற கப்பல் 1942 மார்ச்சில் ஐஸ்லாந்தில் மீன் ஏற்றிக்கொண்டு அபர்டீனுக்குக் கிளம்பியது. போய்ச் சேரவில்லை. கண்ணிவெடியா, ஜெர்மன்காரன் விமானமா, வெறும் காற்றா, சொல்ல ஆளில்லை. எட்டுப் பேர். ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. ஐந்து வாரம் பார்த்துவிட்டுப் பாதிரியார் வீடு வீடாக வந்து சொன்னார். மார்யுன் அவருக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். மறுநாள் காலை ஏழு மணிக்கு மீன் தொட்டியருகே நின்றாள்.

“கல்லுல செஞ்சு வச்சிருக்கு அவளை” என்றார்கள் கூட வேலை செய்தவர்கள். அவள் காதிலும் விழுந்தது. இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அழுகை வரும் என்று அவளும்தான் காத்திருந்தாள். ஜனவரித் தண்ணீரில் அரை மணி நேரம் மீன் கழுவினால் விரல் தன்னுடையதாகவே இருக்காது. அப்படித்தான் இருந்தது உள்ளேயும். அதற்காக வேலை நிற்கவில்லை. ஆறு வயது மகள் எல்ஸ்பாவை வளர்த்தாள், கிழங்கு நட்டாள், ஆட்டுக்கறியை உலர்த்தினாள். எல்ஸ்பா பெரியவளாகித் தலைநகர் தோர்ஸ்ஹாவனுக்கு வேலைக்குப் போனபோதும் படகுத்துறையில் கையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டாள்.

டான்யலைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு நிலைத்துப்போனது. அந்தப் பயணம் போகவேண்டியவன் பக்கத்து வீட்டு ஹானுஸ். கப்பல் கிளம்ப மூன்று நாள் இருக்கையில் மீன் கத்தி அவன் வலது உள்ளங்கையில் இறங்கி நரம்பு அறுந்தது. அவன் காய்ச்சலில் கிடந்தான், டான்யல் கப்பலேறினான். கேப்டன் வெளியூர்க்காரர், யார் யாருக்கு இடம் கொடுத்திருந்தார் என்பது கரையில் யாருக்கும் சரியாகத் தெரியாது. நண்பனுக்குப் பதிலாகப் போய் உயிரைவிட்டான் என்று ஊர் சொல்லியது.

ஹானுஸ் அதன்பிறகு கடலுக்குப் போகவில்லை. வசந்தம் வந்தால் மலையேறி, மார்யுன் வீட்டு அடுப்பில் எரிக்கும் கரிமண்ணையும் வெட்டிக் காயவைத்து முதுகில் சுமந்து இறக்குவான். சனிக்கிழமைதோறும் ஒரு மீன். உள்ளே வரமாட்டான். காப்பி குடி என்றால், “இப்பத்தான் குடிச்சேன்” என்பான்.

பதினாலு வருஷம் கழித்து, போரில் கடலோடு போனவர்களுக்குத் தேவாலயத்துக்குக் கீழே ஒரு கல் நடுவதென்று முடிவாயிற்று. பள்ளிக்கூட வாத்தியார் ஒரு நோட்டோடு வந்தார்.

“இறந்த தேதி என்ன போடறது?”

“தெரியாதே, வாத்தியாரே.”

“மார்ச்னு மட்டும் போடட்டுமா?”

“போடுங்க.”

“நண்பரோட இடத்துல போனாருன்னு விழாவுல ரெண்டு வார்த்தை பேசலாம்னு இருக்கேன். ஹானுஸ் கையால கல்லு மேல மூடின கொடியை விலக்கினா பொருத்தமா இருக்கும். அவருதான் மாட்டேங்கறாரு.”

அந்தச் சனிக்கிழமை ஹானுஸ் மீனோடு வந்தான்.

“வாத்தியார் கேட்டாராமே?” என்றாள்.

“கேட்டாரு. எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் அங்க நிக்கிறது? அந்தக் கல்லுல இருக்கவேண்டியது என் பேரு.”

“உள்ள வந்து உட்காரு.”

“இப்பத்தான்...”

“காப்பி தரல. உட்காருன்னேன்.”

மீனை மேசைமேல் வைத்துவிட்டு, தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

“டான்யல் உனக்காகப் போகல, ஹானுஸ். நீ கையை வெட்டிக்கிறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே கேப்டன்கிட்ட இடம் கேட்டு வாங்கிட்டான். பெட்டியும் கட்டி வச்சிட்டான். உன் கை நல்லா இருந்திருந்தா ரெண்டு பேருமா போயிருப்பீங்க. ஒன்பது பேர் போகவேண்டிய கப்பல் அது. உன் இடம் காலியாத்தான் போச்சு.”

“எதுக்குப் போனான்?”

“வீட்ல இருக்கப் பிடிக்கல. என்னோட இருக்கப் பிடிக்கல. ரெண்டு மாசமா எங்களுக்குள்ள பேச்சு கிடையாது.”

“இதை அப்பவே சொல்றதுக்கென்ன?”

“சிநேகிதனுக்காகப் போனான்னு ஊரே சொல்லுச்சு. பொண்டாட்டிய விட்டுட்டுப் போனான்னு சொல்றதைவிட அது கேக்க நல்லா இருந்துச்சு.”

“பதினாலு வருஷம், மார்யுன். நான் படியேறி வர்றப்பல்லாம் உனக்கு ஒண்ணுமே தோணலையா?”

அவள் யோசித்தாள். பொய் சொல்ல விருப்பமில்லை.

“இல்ல. அவனுக்காகவும் தோணல, உனக்காகவும் தோணல.”

ஹானுஸ் எழுந்தான். தொப்பியை எடுத்தான். மேசைமேல் இருந்த மீனையும் எடுத்துக்கொண்டு போனான்.

திங்கட்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய், அந்த இரண்டு வார்த்தையைப் பேசவேண்டாம் என்றாள்.

“ஏம்மா?”

“அது பொய். பேரை மட்டும் வாசிங்க.”

மே மாதக் கடைசியில் கல்லைத் திறந்தார்கள். எல்லோரும் ஆச்சரியப்பட, ஹானுஸ் வந்து இடது கையால் கொடியை இழுத்தான். காற்றில் அது கல்லின் மூலையில் மாட்டிக்கொள்ள, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை இழுத்தான். வாத்தியார் பெயர்களை வாசித்தார். டான்யல் பெயர் வந்ததும் பெண்கள் ஓரக்கண்ணால் மார்யுனைப் பார்த்தார்கள். எழுத்துகள் சரியாக இருக்கின்றனவா என்று அவள் பார்த்தாள். சரியாகவே இருந்தன. அடுப்பில் கிழங்கு வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது.

ஜூனில் ஹானுஸ், ஐம்பத்தோரு வயதில், அந்தக் கையோடு, கிரீன்லாந்து போகும் மீன்பிடிக் கப்பலில் சமையல்காரனாகச் சேர்ந்தான். “உப்பையும் சர்க்கரையும் மாத்திப் போட்டுடாதேடா!” என்று கரையில் கேலி செய்தார்கள். “தின்னப்போறவன் பேசட்டும், நீ பேசாதே” என்று சிரித்தான். பதினாலு வருஷத்தில் அவன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மார்யுனும் நின்றிருந்தாள். அவளைப் பார்த்துத் தலையை அசைத்தான். அவ்வளவுதான்.

அக்டோபரில் கப்பல் திரும்பியபோது அவள் மீன் தொட்டியருகே இருந்தாள். சங்கு ஊதியதும் மற்றவர்கள் ஓடினார்கள். அவள் ஈரக் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு, நின்ற இடத்திலிருந்தே இறங்கியவர்களை எண்ணினாள். இருபத்திரண்டு பேர் போயிருந்தார்கள். இருபத்திரண்டு பேர் இறங்கினார்கள். இன்னொரு முறை எண்ணிப் பார்த்தாள். பிறகு அடுத்த மீனை எடுத்தாள்.