கிளட்ச் மேல் யார் கால்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பதினொரு மணி. வேப்பம்பட்டு ரயில்வே கேட்டில், தண்டவாளத்துக்கு நடுவில் என் அம்பாசிடர் நின்றுவிட்டது.

நின்றுவிட்டது என்றால் இன்ஜின் அணைந்துவிடவில்லை. ஃபர்ஸ்ட் கியர் விழுந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் அலறுகிறது... வண்டி மட்டும் ஓர் அங்குலம் நகரமாட்டேன் என்கிறது. கூடவே எதுவோ கருகும் நாற்றம்.

பின் சீட்டில் நானும் என் மனைவியும். ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓட்டியவர் ஏழுமலை. நூம்பல்காரர். முப்பாட்டன் காலத்திலிருந்து அந்த ஊர்தான். வயல் எல்லாம் பிளாட் ஆன பிறகு, கூப்பிடும் நாளில் மட்டும் வந்து ஓட்டும் ஆக்டிங் டிரைவராக இருக்கிறார். எங்கள் அபார்ட்மென்ட்டில் ஐந்து வீடுகள் அவரைத்தான் கூப்பிடும். நாங்கள் மாதத்தில் ஒன்றோ இரண்டோ ஞாயிறு கூப்பிடுவோம். மற்ற நாளெல்லாம் அம்பத்தூருக்கு நானே ஓட்டிக்கொண்டு போய் வருவேன்.

கேட் கீப்பர் கையை ஆட்டியபடி ஓடிவந்தார். "யோவ், வண்டிய எடு! கேட்டு மூடணும்யா!"

"சார், நீங்க எறங்குங்க. அம்மாவ இட்டுகினு அந்தாண்ட போயிடுங்க!" என்றார் ஏழுமலை.

அவர் இறங்கவில்லை.

நாங்கள் ஓடிப்போய் ஓரமாக நின்றோம். என் மனைவி என் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தாள். பைக்கில் காத்திருந்த நாலு பேர் வந்து தள்ளினார்கள். முதல் தள்ளலில் வண்டி முன்னால் போய்ப் பின்னால் வந்தது. இரண்டாவதிலும் அப்படியே. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஏழுமலை கத்திக்கொண்டிருந்தார்: "இன்னும் ஒரு தம்மு அண்ணாத்தே... இன்னும் ஒரு தம்மு!" மூன்றாவதில் வண்டி மேடேறி அந்தப் பக்கம் உருண்டது. கேட் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் ரயில் போனது. எத்தனை நிமிடம் கழித்து என்று சொல்லத் தெரியவில்லை.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் என்ன செய்வான்? அவர் கையைப் பிடித்து நன்றி சொல்வான்.

நான் கத்தினேன். "என்ன ஓட்டுறீங்க நீங்க? ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டி ஓட்டி வண்டியைக் கொன்னுட்டீங்க!"

சூடு ஆறியதும் அவரே வண்டியை மெதுவாக ஓட்டி வீடு சேர்த்தார். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குக் கோபம் தணியவில்லை. பயம் தணியவில்லை என்பதுதான் உண்மை. ஆனால் பயத்தைக் கோபமென்று சொல்லிக்கொள்வது கௌரவம் இல்லையா? மொபைலை எடுத்து அபார்ட்மென்ட் குரூப்பில் போட்டேன்: 'ஏழுமலைக்கு வண்டி ஓட்டத் தெரியவில்லை. இன்று நாங்கள் உயிர் தப்பியதே பெரிது. யாரும் கூப்பிட வேண்டாம்.'

எழுதுகிறவன் அல்லவா... மூன்றே வாக்கியம், கச்சிதமாக வந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழுமலை வீட்டு வாசலில் நின்றார். "சார், நாலு வூட்ல வர வேணான்ட்டாங்க. அஞ்சாவது உங்க வூடு. மெக்கானிக்காண்ட போறப்ப நானும் வரேன். என் தப்புன்னு அவரு சொல்ட்டாருன்னா, இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கமாட்டேன்."

குரலை உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்காமல், "வாங்க, தாராளமா வாங்க" என்றேன். முப்பது வருடமாக ஓட்டுகிறேன். எனக்கென்ன பயம்?

கரையான்சாவடியில் மெயின் ரோட்டிலிருந்து உள்ளே போனால் மெக்கானிக் சாதிக் பாயின் ஷெட். பாய்க்கு நாற்பது வயதிருக்கும். பழைய வண்டிகள் என்றால் அவர்தான். சமதரையில் மெதுவாக உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

பாய் பானட்டைத் திறக்கக்கூட இல்லை. ஹேண்ட் பிரேக்கை இறுக்கினார். இன்ஜினை ஓடவிட்டு, டாப் கியரைப் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டார். கிளட்ச் நன்றாக இருந்தால் இன்ஜின் திணறி அந்த நிமிடமே நின்றுபோக வேண்டுமாம். நிற்கவில்லை. அது பாட்டுக்கு ஓடியது.

"கிளட்ச் பிளேட்டு தேஞ்சி போச்சு சார்."

பிறகு கிளட்ச் பெடலைக் கையால் அமுக்கினார். கொஞ்ச தூரம் லூசாக இறங்கி, அப்புறம் இறுகியது. "அட்ஜஸ்ட்மென்ட் கரீக்டா கீது. பிளேட்டு மாத்தி எவ்ளோ நாளாச்சு?"

"ஒன்றரை வருஷம்."

"அதுக்குள்ள தேயாதே. யாரோ காலை எடுக்காம பெடல் மேலயே வெச்சிகினு ஓட்டுறாங்க. லேசா வெச்சாலே போதும் சார், உள்ள பிளேட்டு பிடிக்காம வழுக்கிகினே இருக்கும். அப்டியே தேஞ்சிடும்."

நான் ஏழுமலையைப் பார்த்தேன். எப்படிப் பார்த்திருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். அவர் பாயை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாய் வண்டியில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். "ரெண்டு பேரும் ஆளுக்கு ஒருவாட்டி குமணன்சாவடி வரைக்கும் ஓட்டுங்க. மெதுவா போனா தாங்கும்."

முதலில் ஏழுமலை. நான் பின்னால் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளினார். வெறுங்கால். கியர் மாற்றும்போது மட்டும் இடது கால் பெடலுக்குப் போனது. மாற்றி முடித்ததும் தரைக்கு வந்தது. பஸ் ஒன்று உரசுகிற மாதிரி வந்தது... கால் தரையில். ஷேர் ஆட்டோ குறுக்கே பாய்ந்தது... பிரேக் பிடித்த பிறகுதான் கிளட்ச்சுக்குப் போனது. நெற்றியில் வியர்வை ஓடியது. துடைக்கவில்லை. பரீட்சை எழுதுகிறவர் அப்படித்தானே இருப்பார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்து நான். பரீட்சை என்பதால் நானும் உஷாராகத்தான் இருந்தேன். கால் தரையில். ஒரு கிலோமீட்டர் வரை பிசகில்லை. பாய் என்னைப் பார்க்கவே இல்லை, ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார் பத்திரிகையில எழுதுறீங்களாமே? எங்க ஊட்ல படிப்பாங்க. இன்னா மாதிரி எழுதுவீங்க?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டால் எப்படி இருக்கும்? உற்சாகமாக ஆரம்பித்தேன். வாரா வாரம் விஷயம் எப்படிக் கிடைக்கிறது, வாசகர்கள் என்னென்ன எழுதுகிறார்கள், போன தீபாவளிக்கு வந்த பத்தியைப் படித்துவிட்டு ஒருவர் அழுதது... பேசிக்கொண்டே போனேன். எதிரே நெரிசல். முன்னால் லாரி, பக்கத்தில் தண்ணீர் டேங்கர். மெட்ரோ வேலை நடந்த வருடங்களில் பூந்தமல்லி ரோட்டில் பத்தடி போய் நின்று, பத்தடி போய் நின்று ஓட்டிய எல்லோரையும் போல எதற்கும் தயாராக...

"சார், பேச்சை நிறுத்தாதீங்க. பேசிகினே கொஞ்சம் கீழ பாருங்க" என்றார் பாய்.

பார்த்தேன். என் இடது கால், ஷூவோடு, கிளட்ச் பெடல் மேல் சொந்த வீட்டில் இருப்பது போல் உட்கார்ந்திருந்தது. நான் வைக்கவில்லை. சத்தியமாக நான் வைத்ததாக நினைவில்லை.

பின் சீட்டில் ஏழுமலை இருந்தார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்க்கும் தைரியம் எனக்கு வரவில்லை. வெட்கமாக இருந்தது. தண்டவாளத்தில் எங்களை நிறுத்தியது நான். வண்டியைவிட்டு இறங்காமல் அதை மீட்டவர் அவர்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் "மன்னிச்சிடுங்க ஏழுமலை" என்றேன்.

"பரவால்ல சார். குரூப்புல போட்டுடுங்க."

போட்டேன். 'கிளட்ச்சில் மெக்கானிக்கல் பிரச்னை இருந்தது என்று தெரியவந்துள்ளது. ஏழுமலை மீது தவறில்லை.' அவரிடம் காட்டினேன். நிதானமாகப் படித்தார்.

"யார் தப்புன்னு இல்லியே சார்? இப்டி போட்டா, பாவம் பாத்து போட்டாருன்னு நெனச்சிப்பாங்க. என் பேரு அப்டியேதான் கிடக்கும்."

முதல் செய்தியில் 'தெரியவந்துள்ளது' எல்லாம் இருந்ததா? நேராகப் பெயரைச் சொல்லித்தானே போட்டேன்? என் தப்பு என்றதும் மட்டும் எப்படி இத்தனை சுற்றிவளைப்பு வந்தது? அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். 'கிளட்ச்சைத் தேய்த்தது நான். பெடலிலிருந்து காலை எடுக்காமல் ஓட்டுவது என் பழக்கம். ஏழுமலை சரியாக ஓட்டுகிறார். அன்று எங்களைக் காப்பாற்றியதும் அவர்தான்.' அவர் படித்துவிட்டுத் தலையாட்டினார். செருப்பைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப் பக்கம் நடந்தார்.

பிளேட் இரண்டு நாளில் மாறிவிட்டது. நாலு வீடுகளில் இரண்டு வீட்டார் ஏழுமலையைத் திரும்பக் கூப்பிட்டார்கள். மற்ற இரண்டு வீட்டில் அதற்குள் வேறு ஆள் வைத்துவிட்டார்கள். "இப்போ அவரை நிறுத்த முடியுமா சார்?" என்கிறார்கள். நியாயம்தான். கருகிய பிளேட்டைக் கழற்றிப் போடலாம். நான் கிளப்பிவிட்ட பேச்சை எங்கிருந்து கழற்றுவது?

அந்த இரண்டு வீடும் வாரா வாரம் இந்தப் பத்தியைப் படிப்பவை. லிஃப்ட்டில் பார்த்தால் பாராட்டுவார்கள். இந்த வாரமும் நன்றாக இருந்ததென்று சொல்ல எனக்கு போன் செய்யாதீர்கள்... வண்டி ஓட்ட வரச்சொல்லி ஏழுமலைக்குச் செய்யுங்கள்!