ஒரே மூட்டம்

மருத்துவமனைத் தையல் அறையில் கிழிந்த படுக்கை விரிப்புகளுக்கு ஒட்டுப் போடுவது அக்காவின் வேலை. தங்கை இருபது வருடம் பஞ்சாலையில் நூல் சுற்றியவள். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஒரே அறை, ஒரே அடுப்பு, ஓயாத சண்டை. தங்கைக்கு வாய் நீளம். ஆலையில் அவளை ‘ரேடியோ’ என்றுதான் கூப்பிடுவார்கள். பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்து, அந்த ரேடியோ இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்க ஆரம்பித்தது.

“நடமாட முடியறப்பவே, காலண்டர்ல இருக்கே, அந்த வடக்கத்தி மலை ஏரி, அதப் பார்த்துடணும்க்கா” என்றாள்.

அவ்வளவு உயரம் ஆகாது என்றார் டாக்டர்.

“அவரு தலை மேலயா ஏறப்போறோம்?” என்று தங்கை பையைக் கட்டிவிட்டாள்.

பேருந்து நின்ற இடத்திலிருந்து ஒரு மைல் ஏற்றம். பாதி வழியில் தங்கையின் உதடு நீலம் பாரித்தது. பாறையொன்றில் உட்கார்ந்துவிட்டாள்.

“போதும், வாடி, இறங்கிடலாம்.”

“இவ்ளோ தூரம் வந்துட்டா? நீ போய்ப் பாரு. உன் கண்ணு வேற, என் கண்ணு வேறயா?”

அடித்து விரட்டாத குறை. அக்கா போனாள்.

வளைவு திரும்பியதும் ஏரி. பச்சையா நீலமா என்று சொல்ல முடியாத தண்ணீர்; சுற்றிலும் பனி போர்த்திய மலைகள். ஒரு வாத்து நீந்திப்போக, தலைகீழாய்த் தெரிந்த சிகரம் நடுங்கி நடுங்கி அடங்கியது. தனக்கு மட்டும் வாய்த்த அந்தக் காட்சி அவளுக்குத் திருடித் தின்ற பண்டமாய்த் தொண்டையில் நின்றது. ஐந்து நிமிடத்தில் இறங்கிவிட்டாள்.

“எப்படி இருந்துச்சு?”

“ஒரே மூட்டம்டி. ஒண்ணும் தெரியல.”

தங்கை அண்ணாந்து பார்த்தாள். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

மூன்றாம் மாதம், அக்கா வேலை பார்க்கும் அதே மருத்துவமனையில் தங்கை படுத்தாள். ஒரு மத்தியானம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பொய் சொன்னா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். இப்பவாவது சொல்லேன்.”

அக்கா தண்ணீரின் நிறத்திலிருந்து தொடங்கினாள். வாத்து வரை வந்தபோது பிடித்திருந்த கை தளர்ந்தது. அது தெரிந்தும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். நர்ஸ் வந்து தோளைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினாள்.

எதுவரை அவள் காதில் விழுந்ததோ! அன்றைக்கே மலையில் சொல்லியிருந்தால் குறுக்கே நூறு கேள்வி கேட்டிருப்பாளே என்ற நினைப்பு அக்காவை இன்றுவரை விடவில்லை.