ஹால்டிஸ் எண்ணிய மீன்கள்

ஹால்டிஸ் ஏக்ராவின் நாய்க்கு வாலில் பாதி மயிர்தான் எப்போதும் இருக்கும். மீதிப் பாதி அவளுடைய தூண்டில் பெட்டியில் இருக்கும். செம்பட்டை நிறம், நல்ல நீளம், தண்ணீரில் நனைந்தால் உயிருள்ளது போல நெளியும். குளிர்காலத்தில் மதிய இடைவேளையின்போது பனி அள்ளும் வண்டிக்குள், இருக்கைக்கு முன்னாலிருக்கும் பலகையில் ஒரு சின்ன இடுக்கியைப் பொருத்தி, அதில் கொக்கியைச் செருகி, நாய் மயிரும் சேவல் இறகும் வெள்ளி இழையும் வைத்துக் கட்டுவாள். இதைத்தான் எங்கள் ஆற்றோரத்தில் ‘ஈ’ என்போம். உலகத்தில் எந்த ஈயும் அப்படி இருக்காது. கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறி வந்த சால்மன் முட்டையிட்டு முடிக்கும்வரை எதையும் தின்னாது. ஆனால் இந்த ஈ அதன் கண்ணுக்குக் குறுக்கே போனால் சில சமயம் எரிச்சலில் கவ்விவிடும்.

பதினொரு குளிர்காலம் நான் அந்த வண்டியில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இருவருக்கும் ஊராட்சியின் சாலைப் பிரிவில் வேலை. அவள் ஓட்டுவாள், நான் சரளை தூவும் பொறியைப் பார்த்துக்கொள்வேன். எனக்குத் தூண்டிலில் ஆர்வமில்லை. ஆனால் அவளோடு இத்தனை வருடம் இருந்தவனுக்கு அதைப்பற்றித் தெரியாமல் இருக்க வழியில்லை. ஜூன் முதல் தேதி வந்துவிட்டால் பதினைந்தடித் தூண்டில் கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நிற்பாள். ஆகஸ்ட் கடைசி நாள் அன்றுதான் முழுதாகக் கரையேறுவாள். அவளுக்கு ஐம்பத்து நான்கு வயது. பதினைந்து கிலோவுக்கு மேல் ஒரு மீன் பிடிக்க வேண்டும் என்று முப்பது வருடமாக ஆசை. அவர்கள் குடும்பத்துக் கரைக்குடிசையின் பலகைச் சுவரில் பெரிய மீன்களைப் படுக்கவைத்துச் சுற்றிலும் பென்சிலால் கோடிழுத்து, பெயரும் தேதியும் எழுதி வைத்திருப்பார்கள். அதில் அவள் பெயர் ஒன்றுகூட இல்லை. அவளுடைய தம்பியின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. அவன் மீன் பிடிப்பதை விட்டே பல வருடம் ஆகியிருந்தது.

மூன்று வருடத்துக்கு முன்பு ஏப்ரலில் ஊர்ப் பொதுக்கூடத்தில் ஆற்றுச் சங்கம் கூடியது. சங்கத் தலைவர் யூஸ்தெய்ன், ஓய்வுபெற்ற பல் மருத்துவர். எங்கள் பள்ளத்தாக்கில் பாதிப்பேர் அவர் முன்னால் வாயைத் திறந்தவர்கள்தான். அவர் எழுந்து, இனி பெண்மீன் எதுவானாலும், எண்பது சென்டிமீட்டருக்கு மேல் உள்ள மீன் எதுவானாலும், பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்று ஒரு விதியைப் படித்தார்.

ஹால்டிஸ் எழுந்தாள்.

“சாப்பாட்டோட வெளையாடக் கூடாதுன்னு சொல்லித்தான் எங்க வீட்ல வளத்தாங்க. புடிச்சா அடிச்சு வீட்டுக்குக் கொண்டு போங்க. இல்லேன்னா கோலைத் தொடாதீங்க. ஒரு மணி நேரம் இழுத்து, மூச்சு வாங்க வெச்சு, போட்டோ எடுத்து, முத்தம் குடுத்து அனுப்பறதா? அது மீனா, மாமியாரா?”

கூடமே சிரித்தது. அவளுடைய மாமியாரும் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்தாள்.

யூஸ்தெய்ன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார். “சரி ஹால்டிஸ். பாதிரிக் கசத்துல, அந்த ஆழத்துல, எத்தன மீன் நிக்கும்னு நெனக்கிற?”

“நூறு. கொறஞ்சது நூறு.”

“அக்டோபர்ல நாங்க தண்ணிக்குள்ள மெதந்து எண்ணப் போறோம். நீயும் வாயேன்.”

“நீங்க சொல்லி நான் வாயத் தொறந்ததெல்லாம் போதும், பல் டாக்டரே. இதுக்கு வேற வரணுமா?”

வாக்கெடுப்பில் மூன்று ஓட்டு வித்தியாசத்தில் விதி நிறைவேறியது. அந்தக் கோடை முழுக்க அவள் விதிப்படிதான் நடந்தாள், ஆனால் முகம் கொடுத்து யாரிடமும் பேசவில்லை. சின்ன ஆண்மீன் நான்கைந்துதான் வீட்டுக்குப் போயின.

அக்டோபரில், யாரும் எதிர்பாராமல், எண்ணுகிற இடத்துக்கு வந்து நின்றாள். என்னையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். “நீ கரையில நடந்து எழுது. இவங்க எழுதறத நான் நம்ப மாட்டேன்.” அவளுக்குக் கிடைத்த ரப்பர் உடை ஆறரையடி ஆள் ஒருவருடையது. கணுக்காலில் மூன்று மடிப்பு விழுந்தது. முகமூடியையும் மூச்சுக்குழாயையும் மாட்டிக்கொண்டு நான்கு டிகிரித் தண்ணீரில் குப்புறப் படுத்தாள். அவள், யூஸ்தெய்ன், மாகாணத்திலிருந்து வந்த ஒரு மீனியல் ஆய்வாளர் என்று மூன்று பேர், ஒருவருக்கொருவர் பத்தடி இடைவெளியில், அவரவர் பக்கத்து மீனை மட்டும் எண்ணிக்கொண்டு, நீரோட்டம் இழுத்த திசையில் மிதந்து போனார்கள். அக்டோபரில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். மீன்கள் சரளைமேல் முட்டையிட நின்றுகொண்டிருக்கும், மனிதர்களைப் பார்த்து அவ்வளவாகப் பயப்படாது. ஒவ்வொரு கசத்தின் கடைசியிலும் எழுந்து நின்று எண்ணிக்கையைக் கத்துவார்கள், நான் எழுதிக்கொள்வேன்.

பாதிரிக் கசத்தின் கடைசியில் முதலில் யூஸ்தெய்ன் தலையைத் தூக்கினார். “அஞ்சு.”

“ரெண்டு” என்றார் ஆய்வாளர்.

ஹால்டிஸ் முகமூடியைக் கழற்றினாள். உதடு நீலமாகியிருந்தது. “நாலு” என்றாள். பிறகு, “இது தப்பு. மறுபடி எண்ணணும்” என்றாள்.

அந்தக் கனமான உடையோடு, ஒவ்வோர் அடிக்கும் தண்ணீர் சொட்ட, கரை வழியாக மேலே நடந்துபோய் மறுபடி தனியாக மிதந்து வந்தாள். இந்த முறை கசத்தின் ஒரு கரைக்கும் மறு கரைக்குமாகக் குறுக்கும் நெடுக்கும் நீந்தி, பாறைக்குப் பின்னாலெல்லாம் பார்த்தாள். முக்கால் மணி நேரம் ஆனது. யூஸ்தெய்ன் கரையில் பிளாஸ்கிலிருந்து காப்பி ஊற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

“பதினொண்ணு” என்றாள் எழுந்து. முதலில் மூன்று பேரும் சொன்னதைக் கூட்டினாலும் அதே பதினொன்றுதான்.

யூஸ்தெய்ன் எழுந்து வந்தார். காப்பியை அவள் கையில் கொடுத்தார். அன்று எட்டுக் கிலோமீட்டரில் மொத்தம் நூற்று நாற்பத்து மூன்று மீன். அதைப்போல மூன்று மடங்காவது இருந்தால்தான் ஆறு தன் குஞ்சுகளால் நிறையும் என்று ஆய்வாளர் சொன்னார்.

நவம்பர் முழுக்க வண்டியில் அவள் ஈ கட்டவில்லை. இடுக்கியையும் வெளியே எடுக்கவில்லை. டிசம்பரில் ஒரு நாள், மேட்டுச்சாலையில் பனி அள்ளிக்கொண்டிருந்தபோது, திடீரென்று வண்டியை ஓரம் கட்டினாள்.

“நூறுன்னு சொன்னேனே ஈவார். சபையில எழுந்து நின்னு சொன்னேன்.”

“தெரியாமச் சொன்ன. விடு.”

“தெரியாத விஷயத்துக்கு என் கொரல் ஏன் அவ்வளவு பெருசா இருந்துச்சு?”

மறுபடி கியரைப் போட்டாள்.

அடுத்த ஏப்ரல் கூட்டத்துக்கு அவளே ஒரு தீர்மானம் எழுதிக்கொண்டு வந்தாள். பாலத்தடியில் ஒரு வெப்பமானி தொங்கவேண்டும். மதியம் தண்ணீர் இருபது டிகிரியைத் தொட்டால் எல்லாத் தூண்டிலும் வெளியே வரவேண்டும். குளிரும்வரை யாரும் இறங்கக்கூடாது. சூடான தண்ணீரில் தூண்டிலோடு போராடிய மீனை விட்டாலும் அது பிழைக்காது. மூச்சுக்குக் காற்று போதாமல் எங்கோ கீழே போய்ச் செத்துப்போகும். “விடறதுன்னு முடிவு பண்ணியாச்சு. அப்போ உயிரோட விடுங்க” என்றாள்.

மாட்டுப்பண்ணை வைத்திருக்கும் க்னூத் பின்னாலிருந்து குரல் கொடுத்தான். “ஹால்டிஸ், இனிமே ஆத்துக்குக் காய்ச்சல் மாத்திர குடுப்பியா?”

“சூட்டுல ஓடவிட்டா நீயும்தான் விழுவ க்னூத். தபால் பெட்டி வரைக்கும் நடந்துட்டு வரதுக்குள்ள உனக்கு நாக்கு தள்ளுது.”

தீர்மானம் நிறைவேறியது. வெப்பமானியைப் பார்க்கும் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது.

ஜூலையில் அவளுக்கு இரண்டு வார விடுப்பு தொடங்கியது. முதல் திங்கட்கிழமையே வெப்பமானி இருபதைத் தாண்டிச் சின்னக்கோடு நான்கு காட்டியது. அவள் கணவன் ஆஸ்முந்த், நல்ல மனிதன், தச்சன், சாப்பாட்டுப் பிரியன், குனிந்து பார்த்தான். “நாலு சின்னக்கோடுதானே? கண்ணாடிய ஒரு தடவ தொடச்சிட்டுப் பாரேன்.”

“துணியத் தா. உன் வாயத் தொடைக்கிறேன்.”

சிவப்புப் பலகையை எடுத்துப் பாலத்தில் மாட்டினாள். வெயில் விடவில்லை. பதினொரு நாள் ஆறு மூடியே கிடந்தது. வருடம் முழுக்க அவள் காத்திருந்த நாட்கள் ஒவ்வொன்றாகப் போயின. பாலத்தடி பெஞ்சில் உட்கார்ந்து, வரும் ஆட்களைத் திருப்பி அனுப்பினாள். டென்மார்க்கிலிருந்து வந்த ஒருவர் அனுமதிச் சீட்டை நீட்டிக் கத்தினார்.

“ஒரு வருஷம் முன்னாடியே பதிவு பண்ணினேன்! நானூறு மைல் ஓட்டிட்டு வந்திருக்கேன்!”

“நானும் ஒரு வருஷமாத்தான் காத்திருக்கேன். நாலு நிமிஷம் நடந்து வந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம். உக்காருங்க. வீட்ல சுட்டு எடுத்துட்டு வந்த வாஃபிள் சூடா இருக்கு.”

அவர் முறைத்துக்கொண்டே உட்கார்ந்தார். பழுப்புப் பாலாடைக்கட்டி வைத்து இரண்டு வாஃபிள் தின்றார். அடுத்த நாளும் வந்தார். கொக்கி முனைக்குக் கீழே பின்னோக்கி நிற்கும் சின்ன முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால், விடும்போது மீனின் வாய் கிழியாது என்று அவள் சொல்ல, இருவரும் அவருடைய பெட்டியிலிருந்த கொக்கிகளையெல்லாம் உட்கார்ந்து நசுக்கினார்கள். நாய் வாலைப் பார்த்து அவர் காரணம் கேட்டார். சொன்னதும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அவர் ஊர் திரும்பிய மறுநாள் மழை பெய்தது. அவள் விடுப்பும் முடிந்தது.

ஆகஸ்டின் கடைசி சனிக்கிழமை. குடிசைக் கூரையில் ஒரு பலகை மாற்ற ஆஸ்முந்த் என்னைக் கூப்பிட்டிருந்தான். உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. வெள்ளரிக்காயை நறுக்கி வைத்திருந்தான். மதியத்துக்குச் சின்ன ஆண்மீன் ஒன்று கிடைக்கும் என்று அவனுக்கு நம்பிக்கை. தண்ணீர் பன்னிரண்டு டிகிரி. ஹால்டிஸ் கசத்தின் மேல்முனையில் நின்று தூண்டில் வீசிக்கொண்டிருந்தாள்.

தூண்டில் நரம்பு சுற்றிய ரீல் அலறிய சத்தம் கேட்டு நாங்கள் இருவரும் கூரையிலிருந்து இறங்கி ஓடினோம். கோல் வில்லாக வளைந்து நின்றது. மீன் ஒரே பாய்ச்சலில் நூறு மீட்டர் நரம்பை இழுத்துக்கொண்டு பாலத்தை நோக்கிப் போனது. ஹால்டிஸ் கற்களில் தடுமாறி, விழுந்து, எழுந்து, அதன் பின்னாலேயே ஓடினாள். மீன் ஒரு முறை மேலே எழும்பியது. ஆஸ்முந்த் என் தோளைப் பிடித்துக்கொண்டான். “கடவுளே” என்றான்.

அவள் விளையாட்டுக் காட்டவில்லை. தடிமனான நரம்புதான் கட்டியிருந்தாள். முழு பலத்தையும் போட்டுச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தாள். அப்படியும் இருபத்தைந்து நிமிடம் ஆனது. கடைசியில் ஆஸ்முந்த் முட்டளவுத் தண்ணீரில் நின்று, முடிச்சில்லாத ரப்பர் வலையில் அதை வாங்கினான். செம்பு நிறம். வயிறு உருண்டிருந்தது. கீழ்த்தாடையில் ஆண்மீனுக்கு இருக்கும் கொக்கி வளைவு இல்லை.

“பொட்டை” என்றாள் ஹால்டிஸ்.

ஆஸ்முந்தின் கண் குடிசைப் பக்கம் போய்த் திரும்பியது. அந்தச் சுவரை நினைக்கிறான் என்று எனக்குப் புரிந்தது.

“ஹால்டிஸ்... இங்க யாரும் இல்ல.”

“நீ இருக்க. ஈவார் இருக்கான்.”

“நாங்க சொல்ல மாட்டோம்.”

“நான் சொல்லிருவேன்யா. எனக்கு வாய் நிக்காது, தெரியாதா உனக்கு?”

ஆற்றில் ஊன்றி நடக்க வைத்திருந்த கோலின் அளவுக்கோடுகளை மீனின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர். மீனைத் தண்ணீரைவிட்டு வெளியே எடுக்கவே இல்லை. கொக்கி விரல் பட்டதும் கழன்றது. ஒரு கையால் வால் அடியைப் பிடித்து, மறு கையை நெஞ்சுக்குக் கீழே கொடுத்து, தலையை நீரோட்டத்தை நோக்கித் திருப்பி, அப்படியே குனிந்து நின்றாள். செவுள் மெல்லத் திறந்து மூடியது. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. ஆஸ்முந்த் பக்கத்தில் போய், அவள் முதுகில் கை வைத்துத் தாங்கிக்கொண்டான்.

“கைக்குள்ள அதுக்குப் பலம் வருது” என்றாள் சின்னக் குரலில். “வாலு அடிக்குது. போகணுங்குது.”

கையைத் தளர்த்தினாள். மீன் அவசரப்படவில்லை. அவள் முழங்காலை உரசிக்கொண்டு ஆழத்துக்குள் இறங்கிப் போனது.

ஹால்டிஸ் அங்கேயே, தண்ணீரிலேயே, பொத்தென்று உட்கார்ந்தாள். ரப்பர் காற்சட்டைக்குள் ஆறு புகுந்தது. “இருபதாயிரம் முட்டைக்குக் கொறையாது ஆஸ்முந்த்” என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தாள். நிறுத்த முடியவில்லை.

“முட்டை சரி. நமக்கு மதியத்துக்கு என்ன?” என்றான் அவன். ஆனால் அவனும் சிரித்துக்கொண்டுதான் இருந்தான்.

தக்காளிச் சாற்றில் போட்ட கானாங்கெளுத்தி டப்பா ஒன்று அலமாரியில் இருந்தது. உருளைக்கிழங்கோடும் புளிப்புப் பாலேட்டோடும் அதைச் சாப்பிட்டோம். ஹால்டிஸ் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

ஞாயிறு மாலை யூஸ்தெய்ன் சங்கத்தின் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். நீளத்தை எழுதினார், ‘விடப்பட்டது’ என்ற கட்டத்தில் குறியிட்டார். “எட எவ்வளவு போடட்டும்? பதினேழுன்னு கணக்கு வருது.”

“எடையா? தூக்கிப் பாத்தாத்தானே தெரியும். நான் தூக்கல. காலியா விடுங்க.”

“முப்பது வருஷமா இதுக்குத்தானே காத்திருந்த?”

“ஆமா. வந்துச்சு. கையில இருந்துச்சு. கேக் எடுத்துக்கோங்க.”

அவர் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு இரண்டு துண்டு கேக் எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை காலை மேட்டுப் பண்ணைகளுக்குப் போகும் மண்சாலையைச் சமன்செய்யப் போனோம். பதினாறு கிலோமீட்டர். வழி முழுக்க ஹால்டிஸ் விசிலடித்துக்கொண்டே வந்தாள். சுருதி ஓரிடத்திலும் சேரவில்லை.