சேலைப் பெட்டி அட்டையில் இங்கிலீஷ்

இதை எழுத எனக்குத் தகுதி இல்லை. பத்தாவது வரை படித்தவன். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மனைவி சிதம்பரத்தில் ஒரு துணிக்கடையில் சேலை எடுத்துக் காட்டும் வேலையில் இருக்கிறாள். கல்யாணத்துக்குப் பிறகு அஞ்சல் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தவள். டீச்சர் வேலைக்குப் பல பள்ளிகளில் எழுதிப் போட்டாள். கூப்பிட்டது கடலூரில் ஒரு பள்ளிதான். ஒரு வகுப்பு நடத்திக் காட்டச் சொன்னார்கள். துண்டுகள் சேர்ந்து ஒரு சொல் எப்படி உண்டாகிறது என்பது பாடம்.

அந்த வாரம் முழுக்கச் சாயங்காலத்தில் நான்தான் மாணவன். கடையில் தூக்கிப்போடும் சேலைப் பெட்டிகளை வெட்டி ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாள். ‘கைண்ட்’ ஓர் அட்டை, ‘அன்’ ஓர் அட்டை, ‘நெஸ்’ ஓர் அட்டை. கைண்ட் என்றால் அன்பான. அது தனியாக நிற்கும். மற்ற இரண்டும் நிற்காது. ‘அன்’ முன்னால் ஒட்டினால் அன்பில்லாத. ‘நெஸ்’ பின்னாலும் ஒட்டினால் அன்பில்லாமை. நாம் வீடு, வீடுகள், வீடுகளுக்கு என்று வாலில் சேர்த்துக்கொண்டே போகிறோம், இங்கிலீஷில் தலையிலும் சேர்ப்பார்கள் என்றாள். எனக்குப் புரிந்தது. இங்கிலீஷ் எனக்குப் புரிந்தது அதுதான் முதல் தடவை.

“தலையாட்டுனா போதாது மாமா, திருப்பிச் சொல்லுங்க. இல்லன்னா பெஞ்சு மேல ஏத்திடுவேன்.”

“நம்ம வூட்ல பெஞ்சு ஏது?” என்றேன். சிரித்துவிட்டாள்.

வகுப்பு நடத்த வேண்டிய நாளில் கடைக்கு லீவு போட்டுவிட்டுக் கடலூர் போனோம். நான் கேட் பக்கத்தில் வாட்ச்மேனோடு உட்கார்ந்திருந்தேன். பாதி வகுப்புக்கான நேரம்கூட ஆகியிருக்காது, அட்டைப் பையோடு வந்துவிட்டாள். நான் எழுந்து அவளோடு பஸ் ஏறினேன்.

பஸ் ஆலப்பாக்கம் தாண்டிய பிறகுதான் பேசினாள். பிள்ளைகள் கை தூக்கிப் பதில் சொன்னார்களாம். பின்னால் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த பிரின்சிபால் எழுந்து, இங்கே குடிக்கத் தண்ணீர் கேட்பதுகூட இங்கிலீஷில்தான், நீங்கள் முழுக்கத் தமிழில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்று நிறுத்திவிட்டாராம்.

“வூட்ல உங்களுக்குச் சொன்ன மாதிரியே வந்துடுச்சி மாமா. வேற மாதிரி வரவே இல்ல.”

வேறு பள்ளி பார்க்கலாம் என்றேன்.

“இந்த வேலைக்கு வந்து வெளிய உக்காந்திருந்தது எல்லாம் சின்னப் பொண்ணுங்க. எனக்கு நாப்பத்திரண்டு. இனிமே யாரு கூப்புடுவாங்க?”

சிதம்பரம் வரும்வரை அவள் மடியிலிருந்த பையை நான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவள் வழக்கம்போல ஒன்பது மணிக்குக் கடைக்குப் போனாள்.