ஆறு மாதம், இரண்டு புரோக்கர்கள்

தொண்ணூறுகளின் நடுவில் என் அலுவலகத்தில் வீட்டுக் கடன் அனுமதியானது. உத்தரவின் கடைசி வரியை நான் அன்று சரியாகப் படிக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் மனையைப் பதிவு செய்யாவிட்டால் அனுமதி ரத்து. படித்த பிறகும் ஆறு மாதம் தாராளம் என்றுதான் நினைத்தேன். சேலையூரில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டைச் சுற்றி அவ்வளவு காலி மனைகள் கிடந்தன.

ஆனால் மனை விலை ஒரு நிலையில் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேட்ட விலையைப் புதன்கிழமை திருப்பிச் சொன்னால் சிரித்தார்கள். காலை மின்சார ரயிலில், பெண்கள் பெட்டி முழுக்க இதே பேச்சு. யாரைக் கேட்டாலும், "நல்ல புரோக்கரா பாரு" என்றார்கள். நல்ல புரோக்கரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

என் கணவர் பள்ளி ஆசிரியர். உடன் வேலை செய்பவர் சொன்னார் என்று ஒருவரை வீட்டுக்கு அழைத்து வந்தார். பத்திர எழுத்தராக இருந்து, அதை விட்டுவிட்டுத் தரகுக்கு வந்த பெரியவர். வெயிலானாலும் கையில் குடை. சோபாவில் சாய்ந்து உட்காரமாட்டார். மனையைக் காட்டுவதற்கு முன்பே மூலப்பத்திரத்தைப் பற்றிப் பேசினார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. கடன் என் பெயரில் என்பதால் என்னைப் பார்த்தே பேசினார். அதுவும் ஒரு காரணம்.

முதலில் கேம்ப் ரோடு பக்கம் ஒரு மனை. மூன்று வாரம் அலைந்துவிட்டு வந்து, "வேணாம்மா. விக்கிறவரோட கூடப் பிறந்த ஒரு அக்கா கையெழுத்து போடலை" என்றார். சரி என்றேன். அடுத்தது கீழ்க்கட்டளையில். பத்திரமெல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் பதிமூன்று வருடத்துக்கு இருந்த வில்லங்கச் சான்று போதாது, முப்பது வருடத்துக்குப் பார்க்க வேண்டும் என்று பதிவு அலுவலகத்தில் எழுதிப் போட்டார். சான்று வருவதற்குள் மனைக்காரர் விலையை ஏற்றிவிட்டார்.

"போன வாரம் நீங்கதானே சார் ஒரு விலை சொன்னீங்க?" என்று என் கணவர் கேட்டார்.

"அது போன வாரத்து விலை" என்றார் மனைக்காரர்.

மூன்றாவது மனையை, நாங்கள் சான்றுக்குக் காத்திருந்தபோதே வேறு ஒருவர் முன்பணம் கொடுத்து முடித்துவிட்டார். நான்கு மாதம் போயிருந்தது. ராத்திரி சாப்பிடும்போது அந்தப் பெரியவர் பேச்சை எடுத்தாலே எனக்கும் கணவருக்கும் சண்டை வந்தது. பெரியவர் மேல் சொல்வதற்கு ஒரு குற்றமும் இல்லை. எரிச்சலே அதுதான். ஏமாற்றுக்காரர் என்றால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

அந்தச் சமயத்தில்தான் அலுவலகத் தோழி ஒருத்தி மூலம் இரண்டாவது புரோக்கர் வந்தார். பம்மலில் ஒரு டீக்கடை வாசல்தான் அவருக்கு ஆபீஸ். மொபெட்டில் வந்து இறங்கியவர், என்னைத் தாண்டி என் கணவரிடம் மட்டும் பேசினார். விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் அரை கிரவுண்டு, சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும் என்றார்.

"பத்திரத்தைப் பார்க்காம எப்படிச் சொல்றது?" என்று நான் கேட்டேன்.

அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "இன்னாம்மா, நீ பாத்துகினே இருப்பே, மனை உனக்கோசரம் குந்திகினு இருக்குமா? பின்னாடி ரெண்டு பார்ட்டி கீது. முப்பதடி ரோடு, தண்ணி பத்தடியில. அப்பால உங்க இஷ்டம்."

அந்த மனிதரை எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் காலண்டரில் மீதி இருந்தது இரண்டு மாதம்தான். பத்திரத்தின் நகலை வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுத்தோம். பெரியவரிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப்போட்டேன்.

மறுநாளே அவர் வந்து நின்றார். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு மனை. எங்களிடம் சொல்லாமலே முப்பது வருடத்துக்கும் வில்லங்கம் போட்டுப் பார்த்திருக்கிறார்.

"சுத்தமா இருக்கும்மா. மனைக்காரர் எனக்காக விலையை ஏத்தாம வச்சிருக்கார்" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் அதுவரை பார்த்ததில்லை.

என் கணவர் எழுந்து உள்ளே போய்விட்டார். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன்.

அவர் குடையைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். பிறகு, "அந்தப் பத்திர நகலைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார். உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். "மத்ததெல்லாம் சரிதான். பாதை இருபதடின்னுதான் எழுதியிருக்கு. முப்பதுன்னு சொல்லி வித்திருந்தா பதிவுக்கு முன்னாடி கேளுங்க."

"உங்களுக்கு ஏதாவது தரணும்" என்றேன்.

"நான் ஒண்ணும் முடிச்சுக் கொடுக்கலையே" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

முன்பணத்தை விட்டுவிட்டுச் சேலையூர் மனையை வாங்கலாம் என்று அன்று முழுவதும் வாதாடினேன். கணவர் கேட்கவில்லை. விட்டுக்கொடுக்கிற அளவுக்கு எங்களிடம் வசதியும் இல்லை. பாதையைப் பற்றிக் கேட்டபோது மொபெட்காரர், "ரெண்டு பக்கமும் அஞ்சஞ்சு அடி வுடுவாங்க" என்றார். இன்றுவரை யாரும் விடவில்லை. பொழிச்சலூர் மனையைப் பதிவு செய்தோம்.

இரண்டு வருடத்தில் விலை சரிந்தது. எங்களுக்குப் பக்கத்து மனையை ஒருவர் எங்களைவிடக் குறைவாக வாங்கி, எங்களுக்கு முன்னால் வீடும் கட்டினார். சேலையூர் மனையாக இருந்தாலும் அதே நேரத்தில் அதே விலை கொடுத்துத்தான் வாங்கியிருப்போம், அதுவும் சரிந்திருக்கும் என்று கணவர் சொல்வார். அது உண்மைதான். அந்த உண்மையால் எனக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கவில்லை. எங்கள் தலைக்கு மேல் விமானம் இறங்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக் காத்திருக்கிற வீட்டில் அவரும்தானே இருக்கிறார்.

மொபெட்காரர் சொன்னதில் ஒன்று பலித்தது. தண்ணீர் பத்தடியில் வந்தது.

வீடு கட்டி முடித்த வருடம், அலுவலகத்தில் புதிதாகக் கடன் அனுமதியான ஒரு பெண் என் மேஜைக்கு வந்து, நல்ல புரோக்கர் யாரையாவது தெரியுமா அக்கா என்று கேட்டாள். எத்தனை மாதம் கொடுத்திருக்கிறார்கள் என்றேன். ஆறு என்றாள். ஒரு சீட்டில் இரண்டு பேர் விலாசத்தையும் எழுதிக் கொடுத்தேன். யாரிடம் முதலில் போவது என்று கேட்டாள். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. உத்தரவின் கடைசி வரியைப் படித்துவிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.